ஆகாய விமானமோட்டிகளும் கடன் அட்டை வெகுமதியும்

ஆகாய விமானம் ஓட்டுவோர் யாவரும் சம்பளத்திற்கே அத்தொழிலைச் செய்கின்றனர் என்பது நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, தம் களிப்பிற்காகவும் சொந்த அலுவலுக்காகவும் சிறு விமானங்களை ஓட்டும் தனியார் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உளர். இவர்கள் பெறும் அனுமதிப் பத்திரத்தில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. பொதுவாகக் கூலி பெற்று ஒருவரையும் ஏற்றிச் செல்லலாகாது. நண்பர் உடன் வருவாராயின், எரிபொருள், மசகெண்ணெய், விமான நிலையச் செலவு, வாடகை ஆகிய இவற்றில் தமக்குரிய பங்கை ஓட்டுபவரும் செலுத்தியே தீரவேண்டும். பங்கிற்குக் குறைத்துக் கொடுத்தலும் விதிக்கு மாறே. ஆகவே தனி விமானமோட்டியின் கணக்கேட்டில் பற்று உண்டேயன்றி வரவு இல்லை. இத்தகையோரிடம் ஒரு பாங்கி வந்து, "எங்கள் அட்டையைக் கொண்டு எரிபொருள் வாங்குவீராயின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவோம்" என்று சொல்லின், அவர் செவி சாய்ப்பது வியப்பன்று.

அப்பகுதி எவ்வளவு பெறும் என்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரத்தக்க சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 8 காலன், அதாவது 30 லிட்டர், பெட்ரோல் குடிக்கும். ஆண்டிற்கு 100 மணி பறப்பவர் 800 காலன் வாங்குவார். காலன் 6 டாலர் என்று கொண்டால் மொத்தம் 4,800 டாலர். நூற்றுக்கு 5 வீதம் வெகுமதி கிடைப்பின் 240 டாலர். 1 வீதமாயின் 48 டாலரே. முன்னது ஐந்து மணி நேரத்து எரிபொருளுக்குப் போதும். பின்னது ஒரு மணி நேரத்தோடு தீர்ந்துவிடும். வெகுமதித் திட்டம் மாறிற்று என்று விமானமோட்டிகள் முறையிடும்போது, அவர்கள் இழந்தது இந்த நான்கு மணி நேரத்து வானமே.

இனி, இவ்வெகுமதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கும்போது கடைக்காரருக்கு முழு விலையும் போய்ச் சேர்வதில்லை. இடையிலுள்ள பாங்கிகள் ஒரு கழிவைப் பிடித்துக்கொள்கின்றன. அதிற் பெரும்பங்கு, அட்டை கொடுத்த பாங்கியைச் சேரும். அமெரிக்காவில் இது நூற்றுக்கு ஏறக்குறைய 2 வீதம். கடனை மாதந்தோறும் தீர்க்காதவர் செலுத்தும் வட்டி மற்றோர் ஊற்று. வெகுமதி இவ்விரண்டினின்றும் சுரக்க வேண்டும். நூற்றுக்கு 2 பெற்று 5 கொடுக்கும் பாங்கி, மிகுதி மூன்றையும் வட்டி கட்டுவோரிடமிருந்தோ, வேறு கடைகளில் அதே அட்டையைப் பயன்படுத்துவோரிடமிருந்தோ ஈட்டக் கருதுகிறது. விமானமோட்டி பெரும்பாலும் அப்படிப்பட்டவரல்லர். எரிபொருளுக்கு மட்டும் அந்த அட்டையை எடுப்பார். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுவார். விருந்திற்கு அழைத்தவன், வந்தவர் பாயசத்தை மட்டும் உண்டு எழுந்து போவதைக் கண்டு விழிப்பதுபோல, பாங்கியும் சில ஆண்டுகளில் விழித்துக்கொள்ளும். அப்பால் ஆண்டிற்கு இவ்வளவுதான் என்று வரம்பு வரும். பின்னர்ப் பணம் போய்ப் புள்ளி வரும்.

சங்கத்தின் பெயரால் அட்டை கொடுக்கும் வழக்கம் பழமையானதன்று. டெலாவேர் மாநிலம் 1981 ஆம் ஆண்டில் பாங்கிகளின் வட்டிக்கு இருந்த வரம்பை நீக்கிற்று. மறு ஆண்டில் எம்.பி.என்.ஏ. என்னும் பாங்கி அங்கே, கைவிடப்பட்ட ஒரு மளிகைக் கடைக் கட்டடத்திற் தொழில் தொடங்கி, 1983 இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்தின் பெயரால் அட்டை வழங்கிற்று. (பழைய மாணவர் சங்கம் இவ்வளவிற்கும் பயன்படும் என்பதை நம் கல்லூரிச் சங்கத்தார் அறிந்திருப்பரோ, அறியோம்!) அவ்வழியே வந்ததுதான் விமான உடைமையாளர், விமானமோட்டிகள் சங்கத்தின் அட்டையும். 1939 இல் தோன்றிய அச்சங்கத்தின் தலைமையகம் மேரிலாந்தில் பிரெடெரிக் நகரில் உள்ளது. அதன் அட்டையை எம்.பி.என்.ஏ. நடத்தி வந்தது, விமானத்தளக் கடைகளில் வாங்குவனவற்றிற்குக் கழிவும் கிடைத்தது. 2006 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாங்க் ஆப் அமெரிக்கா எம்.பி.என்.ஏ.வைத் தன்னுள் சேர்த்துக்கொண்டபோது, அட்டையும் அதன் கைக்கு மாறிற்று. பிற்காலத்தில் புள்ளி முறை வந்தது. இத்தகைய ஏற்பாடுகளில் சங்கத்திற்கும் பாங்கி ஒரு தொகை கொடுப்பது வழக்கம். அங்கத்தினர் பயன்படுத்துவதோ சங்கத்தின் பெயர் பொறித்த அட்டை. நிபந்தனையை மாற்றுவதோ பாங்கி. குறையைச் சொல்லப் போனால் இருவரும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுதல் கூடும்.

பணத்திற்குப் பதில் புள்ளி கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. டாலரின் மதிப்பைப் பாங்கி குறைக்க முடியாது. புள்ளியின் மதிப்பைக் குறைக்கலாம். நெல்லும் அவனது, மரக்காலும் அவனது. 2009 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், வட்டி முதலிய முக்கிய நிபந்தனைகளை மாற்றுமுன் 45 நாள் அறிவிப்புக் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. வெகுமதியின் மதிப்பை அவ்விதி காக்கவில்லை. சேர்த்து வைப்பவரினும் உடனுக்குடன் செலவிடுபவரே இங்குப் புத்திசாலி. சிக்கனத்தைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்ததற்கு இது மாறாயிருப்பினும் உண்மை இதுவே.

மற்றொரு சிக்கல் எண்களால் வருவது. ஒவ்வொரு கடைக்கும் அட்டை நிறுவனங்கள் நான்கிலக்கக் குறியீடு ஒன்று கொடுத்துள்ளன. சாலையோரப் பெட்ரோல் நிலையம் 5541, தானே ஊற்றிக்கொள்ளும் பம்பு 5542, விமானத்தளம் 4582, எண்ணெய் வியாபாரி 5172. 'எரிபொருளுக்கு மிகுந்த வெகுமதி' என்று விளம்பரம் செய்யும் அட்டை முதலிரண்டை மட்டும் எண்ணிக்கொள்ளுமாயின், விமானத்தில் ஊற்றிய பெட்ரோல் அதன் கணக்கிற் பெட்ரோலேயன்று. ஒரே பெட்ரோலுக்கு ஓரூரில் மிகுந்த வெகுமதியும் மற்றோரூரிற் சிறிதும் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. வாங்கியவர் மேல் தவறில்லை. கடையைப் பதிவு செய்த காலத்தில் எவரோ எழுதிய எண்ணே காரணம்.

அரசாங்கம் கடைக்காரரின் கழிவைக் குறைத்தால் வெகுமதியும் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் கடன் அட்டைக் கழிவில் பாங்கிக்குச் சேரும் பகுதியை நூற்றுக்கு 0.3 வீதமாக வரையறுத்தது; அதன்பின் அங்குப் பல வெகுமதித் திட்டங்கள் மெலிந்தன. அமெரிக்காவில் 2011 இல் பெரிய பாங்கிகளின் பற்று அட்டைகளுக்கு மட்டும் வரம்பு வந்தது; அவ்வட்டைகளின் வெகுமதிகள் பெரும்பாலும் மறைந்தன. கடன் அட்டைக்கு அவ்வரம்பு இல்லாமையால் அதன் வெகுமதி நின்றது.

இங்குச் சிறு விமானத்தள வியாபாரியையும் நினைக்கவேண்டும். நாளைக்கு நான்கைந்து விமானங்களே இறங்கும் ஊரில், ஒரு காலனுக்கு அவர் காணும் இலாபத்தில் இக்கழிவு பெரிய பங்கு. அதை அவர் விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அவ்விலையையே கொடுக்கிறார். அட்டையுடையவர் பெறும் வெகுமதிக்கு, அட்டையில்லாத மாணவ விமானமோட்டியும் தம் பங்கைச் செலுத்துகிறார் என்பதே நாம் கண்ட பொருள். சில தளங்களில் ரொக்கத்திற்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை என்று இரண்டு எழுதி வைப்பதும் உண்டு. காலன் 6 டாலருக்கு விற்கும் இடத்தில் ரொக்கத்திற்கு 20 சென்ட் குறைப்பின், அது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். ஒரு வீத வெகுமதியுடைய அட்டையை அன்று பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.