வளரும் வயதில் வளையும் முள்ளந்தண்டு

மாந்தை மேற்கில் மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றுக்கு நாம் வீடு சந்திக்கச் சென்றிருந்தபோது, ஒரு தாய் தன் மகளின் பாடசாலைச் சீருடையைக் கொண்டுவந்து காட்டினார். "சுவாமி, எப்பிடித் தைச்சாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது. தைக்கிற பிள்ளையிலதான் பிழை எண்டு மூண்டு வருசமா நினைச்சிருந்தன்" என்றார். சட்டையில் பிழை இருக்கவில்லை. மகளின் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது.

பன்னிரண்டு வயதில், சாமத்தியப்படுவதற்குச் சற்று முன்னர், தோள் ஒன்று உயர்ந்திருப்பதை அம்மம்மா கண்டிருக்கிறார். அப்போது அறுவடைக் காலம். அதன்பின் வீட்டுத் திட்டத்து அத்திவார வேலை, பின்னர் அடுத்த காலபோகம். பிள்ளைக்கு நோவும் இருக்கவில்லை. ஆகவே எவரும் அவசரப்படவில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றபோது அவளுக்கு வயது பதினைந்து. வளைவு 50 பாகையைத் தாண்டியிருந்தது. "இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னர் கொண்டு வந்திருந்தால் தடுத்துப் பார்த்திருக்கலாம்" என்றார் வைத்தியர்.

தாய் அழுதார். குற்றம் அவருடையதல்ல, இதை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு நாமும் பலமுறை போய் வந்தவர்கள்தாம். எமது கண்ணுக்கும் அது படவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

இது என்ன?

எமது முதுகின் நடுவே முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பின்னால் நின்று பார்த்தால் இந்த அடுக்கு நேர்கோடாகத் தெரிய வேண்டும். அது இடமோ வலமோ வளைந்து, எக்ஸ்றே படத்தில் அவ்வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை வைத்தியர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். தமிழில் முள்ளந்தண்டுப் பக்கவளைவு எனலாம். வளையும்போது முள்ளெலும்புகள் சற்றுத் திரும்பவும் செய்கின்றன. அவற்றோடு விலா எலும்புகளும் திரும்புவதால் முதுகின் ஒரு பக்கம் புடைத்துத் தெரிகிறது.

பத்து முதல் பதினாறு வயது வரையான பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேரிடம் இது காணப்படுகிறது. முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஆறு முதல் ஒன்பது பேருக்கு இருக்கலாம். இவர்களில் பெரும்பாலானோருக்குச் சிகிச்சை தேவைப்படாது; கவனித்து வந்தால் போதும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே சிகிச்சை தேவை. சிறு வளைவு ஆண், பெண் இருபாலாரிடமும் உண்டு. பெரிதாக வளர்வது பெண்பிள்ளைகளிடமே அதிகம்.

ஏன் வருகிறது?

தாய்மார் எம்மிடம் கேட்கும் கேள்விகள் பல. சிறு வயதில் இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்ததாலா? முகாமில் தறப்பாளுக்குக் கீழே வெறும் நிலத்தில் படுத்ததாலா? பங்கருக்குள் குனிந்து இருந்ததாலா? புத்தகப்பை பாரமா? இவற்றுள் எதுவுமே இந்நோய்க்குக் காரணமல்ல. பாரமான பை முதுகு நோவைத் தரலாம். முள்ளந்தண்டை இப்படி வளைக்காது. "யார் செய்த பாவம், சுவாமி?" என்று கேட்டவர்களும் உண்டு. எவருடைய பாவமும் அல்ல. இது எவருக்கும் கிடைத்த தண்டனையும் அல்ல.

பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று வைத்திய உலகம் இன்றுவரை அறுதியாகக் கூறவில்லை. குடும்ப வழியாக வரக்கூடியது என்பது தெரியும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இருந்தால் சகோதரங்களையும் பார்க்க வேண்டும். மற்றையோரில் சிலருக்குக் கருவிலேயே முள்ளெலும்பு சரியாக உருவாகாதிருக்கும். சிலருக்கு மூளை, நரம்பு, தசை ஆகியவற்றின் நோய்களால் வளைவு ஏற்படும்.

எமது முதியோர் "கூன்" என்று அறிந்தவற்றுள் பல, முள்ளந்தண்டில் பிடித்த காசநோயாலும் இளம்பிள்ளைவாதத்தாலும் வந்தவை. இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். காசநோய் இன்னும் ஒழியவில்லை. முதுகு நோவுடன் நீடித்த காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும்.

வீட்டிலே பார்ப்பது எப்படி?

இதற்குக் காசும் கருவியும் வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்தில், முதுகு தெரியும்படி பிள்ளையை நிற்க வைத்துப் பின்னால் நின்று பாருங்கள்.

முதலாவது, இரு தோள்களும் ஒரே உயரத்தில் உள்ளனவா? 
இரண்டாவது, தோட்பட்டை எலும்பு ஒன்று மற்றதைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறதா? 
மூன்றாவது, கைகளைத் தொங்கவிட்டால் கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒத்திருக்கிறதா? 
நான்காவது, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்தபடி பிள்ளை முன்னே குனியட்டும். முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாக வந்ததும், உங்கள் கண்ணை அந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் வரம்பு போல உயர்ந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்தக் குனிந்து பார்க்கும் முறை 1865இல் வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் விளக்கியது. இன்றும் உலகெங்கும் முதற் சோதனையாக இதையே செய்கிறார்கள்.

பத்து வயதிலிருந்து வளர்ச்சி நிற்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. பெண்பிள்ளைகள் மிக வேகமாக உயர்வது சாமத்தியப்படுவதற்கு முந்திய மாதங்களில். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வருடங்களில் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வளைவு ஓடுவதும் இக்காலத்தில்தான். அதே காலத்தில்தான் பிள்ளை தாயின் கண்ணுக்கும் மறைந்து உடை மாற்றத் தொடங்குகிறாள். குளத்திலும் கடலிலும் மேலங்கியின்றிக் குளிக்கும் பையனின் முதுகை ஊரே பார்க்கிறது. அவன் அக்காவின் முதுகை எவரும் பார்ப்பதில்லை. எனவே தாயோ, பெரியம்மாவோ, குடும்ப நல உத்தியோகத்தரோ தனியிடத்தில், பிள்ளை கூச்சப்படாத விதமாகப் பார்க்க வேண்டும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளுக்கு நடைபெறுகிறது. அந்நாளில் பிள்ளையை வேலைக்கென்று வீட்டில் மறிக்காதீர்கள்.

எங்கே காட்டுவது?

முருங்கன், அடம்பன், சிலாவத்துறை, தலைமன்னார் போன்ற அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் முதலில் காட்டி, கடிதம் பெற்று, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லலாம். அங்கிருந்து தேவைக்கேற்ப யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணமில்லை. பயணச் செலவே எமது குடும்பங்களுக்குச் சுமை. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைக்குப் பத்து வயதுக்குள் வளைவு தெரிந்தாலும், இரவில் எழுப்பும் நோவு இருந்தாலும், கால் பலவீனமானாலும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது.

பாகையும் பரிகாரமும்

நாட்டிய மாங்கன்று காற்றில் சரிந்தால் பக்கத்தில் தடியூன்றிக் கட்டுகிறோம். முற்றிய மரத்துக்கு எவரும் தடியூன்றுவதில்லை. 1741இல் நிக்கொலாஸ் அந்திரி என்ற பிரெஞ்சு வைத்தியர் பிள்ளைகளின் உடல் வளைவுகளைப் பற்றி எழுதிய நூலில், வளைந்த இளமரம் ஒன்று தடியில் கட்டப்பட்ட படத்தைப் போட்டார். எலும்பியல் வைத்தியரின் அடையாளமாக இன்றும் வழங்குவது அப்படமே. கமக்காரருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வளரும் பிள்ளைக்கு வளைவு 25 பாகைக்குக் குறைவானால், நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வருவார்கள். 25க்கும் 40க்கும் இடைப்பட்டால், பிறேஸ் எனப்படும் பிளாஸ்ரிக் கவசத்தைப் பிள்ளையின் உடலுக்கு அளவெடுத்துச் செய்து அணிவிப்பார்கள். 45, 50 பாகையைத் தாண்டினால் சத்திர சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ஏனெனில் 50ஐத் தாண்டிய வளைவு வளர்ச்சி நின்ற பின்னரும் மெல்ல மெல்லக் கூடக்கூடியது. மிகப் பெரிதானால் நுரையீரலுக்கு இடம் போதாமல் மூச்சு வாங்கும்.

கவசம் வளைவை நிமிர்த்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கூடவிடாமல் நிறுத்துவதே அதன் வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், கவசம் அணிந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. அணியாதோரில் அவ்வாறு தப்பியவர்கள் 48 பேர். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலமும் அதற்கு மேலும் அணிந்தவர்களிடையே அது 90 அளவில் இருந்தது. பெட்டிக்குள் கிடக்கும் கவசத்தால் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சத்திர சிகிச்சையில் திருகாணிகளும் உலோகக் கம்பிகளும் பொருத்தி வளைவைக் குறைத்து, அப்பகுதி எலும்புகளை ஒன்றாக ஒட்டச் செய்வார்கள். பல மணித்தியாலம் எடுக்கும் பெரிய சிகிச்சை அது. நரம்பு பாதிக்கப்படும் ஆபத்து மிகச் சிறிதளவு உண்டு. வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் எழுந்து நடந்து, ஒரு சில வாரங்களில் பாடசாலை செல்கிறார்கள். பாரம் தூக்கும் வேலையை வைத்தியர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும்.

கவசத்தோடு வாழ்தல்

மன்னார் வெயிலில் கவசம் அணிவது இலேசல்ல. உள்ளே மடிப்பில்லாத பருத்திப் பெனியன் போட்டு, வியர்த்ததும் மாற்ற வேண்டும். தினமும் குளித்து, தோலை நன்றாக உலரவிட்டு அணிய வேண்டும். கவசத்துக்குக் கீழே எண்ணெயோ களிம்போ பூசக் கூடாது. தோல் மென்மையாகிப் புண்படும். கழற்றிய பின் தோன்றும் சிவப்பு அரைமணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால், அல்லது புண் வந்தால், செய்தவரிடம் காட்டித் திருத்த வேண்டும். பிள்ளை வளர வளர கவசம் இறுகும், புதிது வேண்டிவரும்.

குளிக்கவும் விளையாடவும் கழற்றலாம். ஓடுவதும் நீந்துவதும் நல்லவை. உடற்பயிற்சி வைத்தியர் சொல்லித்தரும் பயிற்சிகளையும் செய்யலாம். ஆனால் கவசம் தேவைப்படும் பிள்ளைக்கு அவை கவசத்துக்குப் பதிலாகா. வகுப்பில் பட்டப்பெயர் வைப்பதை ஆசிரியர்கள் முளையிலேயே நிறுத்த வேண்டும். பிள்ளைகள் கவசத்தைக் கழற்றி வைப்பது வெயிலைவிட வெட்கத்தால்தான் அதிகம்.

எண்ணெய் போட்டு உருவினால் சரிவருமா என்று பலர் கேட்கிறார்கள். எமது பகுதியில் முறிவு நெரிவு வைத்தியத்துக்கு மதிப்புண்டு. ஆனால் இது முறிந்த எலும்பும் அல்ல, விலகிய மூட்டும் அல்ல. மெதுவாக எண்ணெய் பூசினால் தீங்கில்லை. அழுத்தி நெரித்தால் ஆபத்து. அதைவிடப் பெரிய நட்டம், அதை நம்பி இழக்கும் மாதங்கள்.

இன்னுமொன்று. வளைவு கூடுகிறதா என்பது பழைய எக்ஸ்றே படத்தோடு புதியதை ஒப்பிட்டால்தான் தெரியும். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் முசலிக்கும் இடையே இன்றும் இரு வீடாக வாழும் குடும்பங்கள் உண்டு. 2007இலிருந்து 2009 வரை ஊர் ஊராக ஓடி, பிள்ளைகளின் பதிவுகளையெல்லாம் வழியில் விட்டவர்களும் உண்டு. கிளினிக் கொப்பியையும் எக்ஸ்றே படத்தையும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே பையில் வையுங்கள். இடம் மாறினால் அவற்றோடு புதிய இடத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வாழ்வு முடங்குமா?

"கலியாணம் நடக்குமா, பிள்ளை பெறுவாளா?" என்பதே பெற்றோரின் நெஞ்சிலுள்ள கேள்வி. இந்த வளைவுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோர் சாதாரணமாகக் கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார்கள். பிரசவ வைத்தியரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். நாற்று நடவும் வலை இழுக்கவும் படிக்கவும் தடையில்லை. 2009இல் நூறு மீற்றரை 9.58 செக்கனில் ஓடி உலக சாதனை நிலைநாட்டிய ஜமேக்காவின் உசெய்ன் போல்ட்டுக்கும் முள்ளந்தண்டு பக்கமாக வளைந்ததுதான்.

நாம் தொடக்கத்தில் சொன்ன பிள்ளைக்குக் கொழும்பில் சத்திர சிகிச்சை நடந்தது. நன்றாக இருக்கிறாள். வைத்தியர் சொன்னபடி அவளுடைய தங்கையையும் குனிய வைத்துப் பார்த்தோம். பதினொரு வயது, வளைவு 27 பாகை. சிணுங்கிச் சிணுங்கியேனும் வளர்ச்சி முடியும் வரை கவசம் அணிந்தாள். வளைவு அங்கேயே நின்றது. ஒரே வீடு, ஒரே தாய். தங்கைக்குக் காலம் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

மாதர் சங்கங்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே. அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, குடும்ப நல உத்தியோகத்தரை அழைத்து, குனிந்து பார்க்கும் முறையை எல்லாத் தாய்மாரும் பழகிக்கொள்ளுங்கள். அன்றிரவே வீட்டில் பிள்ளையின் முதுகைப் பாருங்கள். ஏதும் தெரிந்தால், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.