பேட்டரி அருகே ஒரு ஃபியூஸ்

அண்மையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஒரு சுற்றுலா வேனில் இரவில் பயணித்தேன். வழியில், இருக்கைக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நெடி எழுந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, பேட்டரி இணைப்பைக் கழற்றினார். ஒலிபெருக்கிக்கும் குளிர்பெட்டிக்கும் மின்சாரம் தர, இரண்டாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் பொருத்தியிருந்தார்கள். ஆனால், ஃபியூஸ் இல்லை.

கூடுதல் பேட்டரி வைப்பது தவறன்று. பொருத்தும் முறையில்தான் ஆபத்து. வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் 1,000 வாட் கருவிக்கு 4.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே திறனைப் பெற 83 ஆம்பியர் தேவை. மின்னோட்டம் 19 மடங்கானால், அதே கம்பியில் உண்டாகும் வெப்பம் 361 மடங்காகும். வீட்டுக்குப் போதுமான மெல்லிய கம்பி வண்டியில் கருகுவது இதனால்தான்.

தொட்டால் அதிர்ச்சி தராத 12 வோல்ட்டை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அதிர்விலும் உரசலிலும் காப்புறை தேய்ந்து, கம்பி வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை நொடியில் பாய்ச்சும். அதை நிறுத்த வேண்டியது ஃபியூஸ். அது கம்பியின் தாங்குதிறனுக்கு ஏற்றதாக, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால், இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பில்லை. என்ஜின் நின்றதும் இரு பேட்டரிகளையும் பிரிக்கும் ரிலேயும் அவசியம். இல்லையேல், மறுநாள் காலை வண்டி கிளம்பாமல் போகலாம்.

வாடகை வாகனங்களுக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கையில், பின்னர் சேர்க்கப்பட்ட மின்னிணைப்புகளையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். அன்றிரவு பயணிகளில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்தனர். விழித்திருந்த ஒருவரின் மூக்கை நம்பியா நம் பாதுகாப்பு இருக்க வேண்டும்?