காடு எரிந்தது, மண் பிழைத்ததா?

கனடா நாட்டில் 2023-ம் ஆண்டு காட்டுத் தீயில் எரிந்த பரப்பு சுமார் 1.5 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். எல்லோநைஃப் என்ற நகரிலிருந்து சுமார் 20,000 பேர் வெளியேற்றப்பட்டனர். மரங்கள் எரிந்த காட்சியைப் படத்தில் பார்த்தோம். மரத்தின் காலடியில் எரிந்தது என்ன?

வட கனடா, அலாஸ்கா, சைபீரியா பகுதிகளில் பெரும்பாலும் ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்கள்தான். கடுங்குளிரில் உதிர்ந்த இலை சீக்கிரம் மக்குவதில்லை. பாசியும் சருகும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, தரையில் மெத்தை விரித்தது போலக் கிடக்கும். அந்த மெத்தையில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கோடானு கோடி.

பூஞ்சை என்றதும் ஊறுகாய் ஜாடியை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். இந்த மரங்களின் வேர் நுனியை உறை போலச் சுற்றி வாழும் பூஞ்சைகள், மண்ணிலுள்ள தழைச்சத்தையும் நீரையும் இழுத்து மரத்துக்குக் கொடுக்கின்றன. பதிலுக்கு மரம் சர்க்கரை தருகிறது. பாக்கி இல்லாத கொடுக்கல் வாங்கல்!

தீ எவ்வளவு ஆழம் போகும்?

மண் சூட்டை எளிதில் கடத்தாது. ஈரம் இருந்தால், அது ஆவியாகித் தீரும் வரை மண்ணின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே மேலே மரம் பந்தமாய் எரிந்தாலும், சில அங்குலம் கீழே இருப்பவை பெரும்பாலும் தப்பி விடும். கோடையில் மெத்தை காய்ந்திருந்தால் கதையே வேறு. சுவாலையின்றி நாள்கணக்கில் புகைந்து புகைந்து எரியும். குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கனன்று, மறு வசந்தத்தில் தலைதூக்கிய தீயும் உண்டு.

பாக்டீரியாவை விடப் பூஞ்சைக்குச் சூடு தாங்கும் சக்தி குறைவு. போதாததற்குச் சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்து, பாக்டீரியாவுக்கே சாதகம் செய்கிறது. 2014-ல் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் பெருந்தீ பரவியது. மறு ஆண்டு அங்கு மண் எடுத்துச் சோதித்தபோது, மஸ்ஸிலியா, ஆர்த்ரோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் எரிந்த இடங்களில் பெருகியிருந்தன. ஊரிலிருந்து முதலில் தனியாளாக வந்து கிடைத்த மூலையில் பாய் விரிக்கிறோமே, அந்த ரகம்! பூஞ்சையிலும் அப்படி ஒன்று உண்டு. பைரோனீமா என்று பெயர். கரியையே தின்று, ஆரஞ்சு நிறத்தில் படரும். 2015-ல் அதே பிரதேசத்தில், தீக்குப் பின் முளைக்கும் மோரல் காளானைப் பறித்து விற்க ஆட்கள் திரண்டனர். நல்ல விலை போகும் சரக்கு அது.

வேர்ப் பூஞ்சையின் பாடுதான் கஷ்டம். மரம் செத்தால் அதற்குச் சோறு போட ஆளில்லை. எரியாமல் தப்பிய திட்டுகளிலிருந்து விதைத்தூள் காற்றில் வந்து விழ வேண்டும்; இளங்கன்றும் வேர்விட வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பப் பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது.

அதற்குள் இரண்டாவது தீ வந்தால்?

ஒரு தீக்கும் மறு தீக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருந்த காலத்தில் இந்தக் காடுகள் சமாளித்தன. இடைவெளி சுருங்கும் இடங்களில் கருப்பு ஸ்புரூஸ் காய்க்கும் வயதை எட்டுமுன்னே எரிகிறது. விதை இல்லை, மெத்தையும் மெலிந்து விட்டது. அங்கே ஆஸ்பென் போன்ற அகன்ற இலை மரங்கள் வந்து உட்காருகின்றன. புதிய மரத்துக்குத் தக்கபடி மண்ணின் குடிகளும் மாறுகின்றன.

2014 தீயில் எரிந்தவற்றுள் 60 வயது கூட ஆகாத காடுகளும் இருந்தன. அவற்றில் வறண்ட இடங்கள் சிலவற்றில், முந்தைய தலைமுறைக் காடு மண்ணில் சேர்த்து வைத்துப் போன கார்பனும் கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்து விட்டது.