மறைத்து வைக்கும் வியாதி



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள் காய்ச்சலையும் இருமலையும் உடனே சொல்லிவிடுவார்கள். மலத்தோடு ரத்தம் போவதைச் சொல்ல மட்டும் மாதக்கணக்கில் தயங்குவார்கள். மூலம், உஷ்ணம், சீதபேதி என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக் காலம் தள்ளுவார்கள். கட்டிலருகே அமர்ந்து ஜெபித்த பிறகுதான் பலர் எங்களிடம் வாய் திறக்கிறார்கள்.

இவர்களில் சிலருக்கு இருப்பது குடல் அழற்சி நோய். இது இரண்டு வகை. பெருங்குடலின் உட்புறம் புண்ணாவது அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது க்ரோன் நோய். 1932-ல் அமெரிக்க மருத்துவர் பரில் க்ரோனும் உடன் மருத்துவர்களும் இதை விவரித்தார்கள். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. இது தொற்றுவியாதி அல்ல, சாபமும் அல்ல. க்ரோன் நோயும் குடல் காசநோயும் ஒன்றுபோலத் தோன்றுவதால், நம் நாட்டில் இன்னதென்று நிச்சயிக்க நாளாகும். முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கவேண்டியும் வரும்.

நோய் முற்றும்போது நாளுக்குப் பத்து முறைக்கு மேலும் வயிற்றுக்குப் போகும். அவசரம் வந்தால் அந்த நிமிஷமே போகவேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவும் பெண் எங்கே போவாள்? படகில் இருப்பவர் எங்கே போவார்? ரத்தம் குறைந்து உடல் சோரும். கல்யாண வீட்டுக்குப் போகாமல், ஆலயத்தில் வாசலோரம் உட்கார்ந்து பாதியில் எழுந்து போகிறவரைக் கண்டால், பக்தி குறைந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் படகோட்ட வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு இதே கொலைடிஸ் 1992-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் பார்சிலோனாவிலும், பின்பு 1996-லும் 2000-லும் துடுப்பு வலித்து ஒலிம்பிக் தங்கம் வென்றார். லண்டன் மாரத்தான் ஓடி அறப்பணிகளுக்கு நிதியும் திரட்டினார். இதைக் கேட்டு, ‘மனவுறுதி இருந்தால் போதும்’ என்று நோயாளியிடம் சொல்லவேண்டாம். அவருக்கு மருத்துவரும் மருந்தும் தவறாமல் கிடைத்தன.

நம் குப்பங்களில் தவறிப்போவது அதுதான். ரத்தம் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. மீன் படாத மாதங்களில் முதலில் வெட்டப்படும் செலவு மருந்துச் செலவே. சுகமாக இருக்கும் நாளிலும் மாத்திரை சாப்பிட்டால்தான் நோய் அடங்கியிருக்கும். விட்டுவிட்டால் மறுபடி சீறும். சிலருக்குப் பெருங்குடலையே எடுத்து, வயிற்றில் பை கட்டவேண்டி வரும். பல ஆண்டுகள் கவனியாமல் விட்டால் புற்றுநோய் ஆபத்தும் கூடும்.

ஆகவே உங்கள் சபை வாலிபர் நிதி திரட்ட நடைப்பயணமோ சைக்கிள் பயணமோ போகும்போது, நோயாளியையும் நடக்கச் சொல்லாதீர்கள். அவருக்காக நீங்கள் நடங்கள். அந்தக் காணிக்கை ஒருவருடைய மாத்திரை ஒருநாளும் நிற்காதபடி காக்கட்டும்.

பன்னிரண்டு ஆண்டு பெரும்பாடினால் வருந்திய ஸ்திரீயும் கூட்டத்தில் ஒளிந்துதான் வந்தாள். ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. நடந்ததையெல்லாம் சொல்ல இடங்கொடுத்து, மகள் என்று அழைத்தார். வெட்கப்பட்டு மறைந்திருக்கிறவர்கள் தைரியமாய் வந்து சொல்ல, எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.