கப்பல் ஏறிய போனஸ்!

கையில் போனஸ், எதிரே கல்யாண நாள், மனைவிக்குக் கப்பல் ஆசை... காரைக்கால் குமாஸ்தா என்ன செய்வான்? ஏஜென்ட்டிடம் ஓடினேன்.

‘‘கம்பெனி ரேட்டுதான் சார். எங்க கமிஷனை அவங்களே கொடுத்துடுவாங்க!’’

நிஜம்தான். ஆனால் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி. பற்றி மனுஷர் கடைசிவரை வாயே திறக்கவில்லை. சென்னையில் ஏறி அறைக் கதவைத் திறந்தால்... ஜன்னலே இல்லை! நேரடியாகப் பதிவு செய்திருந்தால் கப்பலின் வரைபடம் பார்த்து அறையைப் பொறுக்கியிருக்கலாம்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஜூனில், காசினோ சர்ச்சையில் ஒரு சொகுசுக் கப்பலை எங்கள் புதுச்சேரி அரசு கரை சேர விடவில்லை. அப்போதெல்லாம் சட்டையைப் பிடிக்க உள்ளூரில் ஆள் வேணுமே!

2024-ல் மறுபடி தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலுக்கு நானே டிக்கெட் போடுவதாகச் சொன்னேன்.

‘‘ஜன்னல் இருக்கான்னு கேட்டுட்டுப் போடுங்க’’ என்றாள்.