நகரும் நிலம் – 6: தால்ச்சேரில் பனி, தென் துருவத்தில் காடு

ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டும் நிலக்கரி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இங்குள்ள அனல்மின் நிலையங்களில் எரிந்து நம் வீட்டு விளக்கில் வெளிச்சமாகிறது. அந்தக் கரி ஒரு காலத்தில் காடாக நின்றது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அந்தக் காடு எதன்மேல் முளைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

தால்ச்சேரில் கரிப் படுகைகளுக்கெல்லாம் அடியில் பச்சைச் சாயல் கொண்ட ஒரு களிப்பாறை கிடக்கிறது. மாவு போன்ற நுண்ணிய களி இறுகிக் கல்லானது. அதற்குள் ஆங்காங்கே உருண்டைக் கற்கள். சில உள்ளங்கையில் அடங்கும். சில மாட்டு வண்டியில்கூட ஏற்ற முடியாதவை. 1856-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து ஓராண்டே ஆகியிருந்த வில்லியம் பிளான்ஃபோர்டும் அவர் தம்பி ஹென்றியும் இந்தப் பாறையின் முன் திகைத்து நின்றார்கள். இருவருக்கும் இருபதுகளில்தான் வயது.

திகைப்புக்குக் காரணம் இருந்தது. காவிரியில் வெள்ளம் வடிந்த பிறகு கரையில் நடந்து பாருங்கள். கூழாங்கல் ஓரிடத்தில், மணல் ஓரிடத்தில், வண்டல் வேறோரிடத்தில் படிந்திருக்கும். முறத்தில் புடைப்பதுபோல ஆறு எடை பார்த்துப் பிரித்துவிடும். பெருங்கல்லை உருட்டும் வேகம் உள்ள நீரில் களி தங்காது. களி படியும் அமைதியான நீருக்குக் கல்லைத் தூக்கிவரத் தெம்பு கிடையாது. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகச் சுமந்துவந்து ஒரே இடத்தில் போட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் பனிதான். பிளான்ஃபோர்டுகள் அதைத்தான் எழுதினார்கள்: இங்கே பனி இருந்திருக்கிறது.

கோடையில் அனல் பறக்கும் மகாநதிச் சமவெளியில் பனியா? பலர் நம்பவில்லை. 1870-களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் பக்கம், பைன்கங்கா ஆற்றங்கரைப் பகுதியில், இதே களிப்பாறைக்கு அடியில் ஒரு சுண்ணாம்புப் பாறைத் தளம் வெளிப்பட்டது. தேய்த்து மெருகேற்றியதுபோல வழவழப்பு. அதன்மேல் ஒரே திசையில் நீள நீளமான கீறல்கள். பனியாறு மெல்ல நகரும்போது அடியில் சிக்கிய கற்கள் தரையை அப்படித்தான் கீறும். ஆல்ப்ஸ் மலையில் இன்றைக்கும் பார்க்கலாம். அதற்குப் பிறகு வாதம் அடங்கியது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தின்மேல் பனிப்பாளம் கிடந்தது உண்மை. ஏன் கிடந்தது என்பது மட்டும் ஒருவருக்கும் புரியவில்லை.

உலகமே குளிர்ந்திருந்த காலம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் இதே காலத்துப் பனிக் கீறல்கள் கிடைத்தன; பிரேசிலிலும் கிடைத்தன. ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெப்பமண்டலச் சதுப்புக் காடுகள் தழைத்திருந்தன. அங்குள்ள மரங்களில் ஆண்டு வளையமே இல்லை. குளிர்காலம் என்பதை அறியாத மரங்கள். வடக்கே குளிரில்லை, இன்று வெயில் காயும் நாடுகளில் பனி. கீறல்களின் திசை இன்னும் விசித்திரம். பிரேசிலில் பனி கடல் இருக்கும் பக்கத்திலிருந்து நிலத்தின்மேல் ஏறி வந்திருக்கிறது. பனிப்பாளம் நிலத்தில் திரண்டு கடலை நோக்கித்தான் சரியும், கடலிலிருந்து கரையேறாது.

ஹென்றி பிளான்ஃபோர்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தால்ச்சேருக்குப் பிறகு அவர் வந்தது நம் பக்கம். தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் எழுதினார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அந்தப் பாறைத் தொகுதிகளுக்கு நம் ஊர்ப் பெயர்கள் நிலைத்தது அவரால்தான். பிறகு வானிலைக்கு மாறினார். 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. அதே ஆண்டில் ஒரு கட்டுரையும் எழுதினார். இந்தியாவின் பழைய தாவரப் படிவங்களும் தென்னாப்பிரிக்காவின் படிவங்களும் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்றால், இடையே ஓர் இந்தியப் பெருங்கடல் கண்டம் இருந்திருக்க வேண்டும், அது பின்னர் மூழ்கியிருக்க வேண்டும் என்றார்.

மூழ்கிய கண்டம் அவருக்கு முன்பே வந்துவிட்ட கருத்து. மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளையும் இந்தியாவிலுள்ள அவற்றின் உறவுகளையும் கண்ட பிலிப் ஸ்கிளேட்டர், 1864-ல் இடையே ஒரு நிலம் இருந்ததாக ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் தமிழுக்குள் வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஸ்கிளேட்டரையோ பிளான்ஃபோர்டையோ குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் அசையாதது என்று நம்பும் ஒருவர், கடலின் இரு கரையிலும் ஒரே உயிரைக் கண்டால் வேறு என்ன நினைப்பார்? பாலம் ஒன்று இருந்து முழுகிப்போயிற்று என்றுதான் நினைப்பார். அவர்கள் கேட்ட கேள்வி சரியானது. எட்டிய விடைதான் தவறியது.

தவறியது என்பதற்கான முதல் சான்று, வியப்பாக, 1855-லேயே இந்தியாவிலிருந்து கிடைத்துவிட்டது. 1802-ல் சென்னை பரங்கிமலையருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்தது இந்திய நில அளவைப் பெரும்பணி. அது இமயத்தை நெருங்கியபோது இரு ஊர்களுக்கு இடையிலான தொலைவில் சிறு பிழை தட்டியது. மலையின் பெருநிறை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று கணக்கிட்டார் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட். இழுப்பு சுமார் 15 விகலை (ஆர்க் செகண்ட்) இருக்க வேண்டும். இருந்ததோ 5 விகலைதான். இமயத்தின் அடியில் எடை குறைவு என்று அர்த்தம். லேசான கண்டப் பாறை, கீழே உள்ள அடர்ந்த பாறையின்மேல் கட்டைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நீரில் மிதக்கும் கட்டையை அழுத்தினால் மறுபடி எழும்பும். அதுபோல ஒரு பெருங்கண்டம் அப்படியே அடியாழத்துக்குப் போய்விட முடியாது.

கடல்கோள் பற்றி நம் இலக்கியங்கள் பேசுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரை. பனி உருகக் கடல் ஏறி, கரையோர நிலங்களை விழுங்கியது. அது கண்டத்தின் விளிம்பு நனைந்த கதை. லெமூரியா என்ற பெயர் துணைக்கு நிற்காவிட்டாலும் அந்தக் கதைக்குக் குறைவில்லை.

இனி தென் துருவம். 1912 ஜனவரியில் ராபர்ட் ஸ்காட்டும் நான்கு தோழர்களும் துருவத்தை அடைந்தபோது, அவர்களை முந்திவிட்ட அமுண்ட்சனின் கொடி அங்கே ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில், பிப்ரவரி 8 அன்று, பியர்ட்மோர் பனியாற்றருகே பக்லி மலையின் சரிவில் நின்றார்கள். உணவு குறைந்து, உடம்பு நைந்துபோயிருந்த நேரம். மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் வில்சன், பாறையில் கரிக் கீற்றுகளையும் இலைப் பதிவுகளையும் கண்டு பொறுக்கத் தொடங்கினார். சேர்ந்தது 16 கிலோ. சறுக்கு வண்டியை அவர்கள் தாங்களே இழுத்துவந்தார்கள். தோழர்களில் எவான்ஸ் இறந்தார், ஓட்ஸ் பனிப்புயலுக்குள் இறங்கிப் போய்விட்டார். மிச்சமிருந்த மூவரும் சேமிப்புக் கிடங்குக்கு 11 மைல் முன்னால் கூடாரத்துக்குள் முடங்கினார்கள். நவம்பரில் தேடிவந்தவர்கள் உடல்களோடு அந்தக் கற்களையும் கண்டெடுத்தார்கள். பாரத்தைக் குறைக்க எதையெதையோ விட்டவர்கள் கற்களை மட்டும் கடைசிவரை விடவில்லை. படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

கற்களை ஆராய்ந்த தாவரவியலாளர் ஏ.சி. ஸீவர்ட் 1914-ல் முடிவை வெளியிட்டார். நாக்குப்போல நீண்ட இலை, நடுவே ஒரு நரம்பு, இருபுறமும் வலைபோன்ற சிறு நரம்புகள்: குளோசாப்டெரிஸ் இண்டிகா. ‘இண்டிகா’ என்றால் இந்தியாவைச் சேர்ந்தது. வங்காளத்தின் ராணிகஞ்ச் கரிவயல்களில் கிடைத்து, இந்தியாவின் பெயரையே தாங்கிய இலை துருவத்துப் பனிக்கடியில் இருந்தது. தால்ச்சேர் கரியும் இந்தக் குளோசாப்டெரிஸ் காடு புதைந்து ஆனதுதான். இதே இனம் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. இதன் விதைகள் காற்றில் பறந்து பெருங்கடலைத் தாண்டக்கூடியவை அல்ல.

ஒரு திருத்தம் இங்கே தேவை. அண்டார்டிகா அன்று வெப்ப நாடாக இருந்ததால்தான் அங்கே காடு வளர்ந்தது என்று சில நூல்கள் எழுதுகின்றன. அப்போதும் அது தென்கோடியில்தான் இருந்தது. பனிக்காலம் முடிந்து உலகம் சூடேறியதால் துருவத்தருகிலும் மரம் நின்றது. மாதக்கணக்கில் சூரியனே எழாத இருட்டில், இலையுதிர்த்துக் காத்திருந்த மரங்கள் அவை. எனவே அந்த இலை சொல்லும் சேதி தட்பவெப்பம் பற்றியதைவிட உறவு பற்றியது. இந்த நிலங்கள் ஒட்டிக்கிடந்தன.

ஒட்டிவைத்துப் பார்த்தவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகெனர். ஹென்றியைப் போலவே அவரும் வானிலைக்காரர். 1912 ஜனவரியில், ஸ்காட் துருவத்தை நெருங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஃபிராங்க்ஃபர்ட்டில் கண்டப்பெயர்ச்சி பற்றிய தன் முதல் உரையை நிகழ்த்தினார், 1915-ல் நூலாக்கினார். பல கற்கள் பாவிய முற்றத்தில் ஒரு பெரிய கோலம் போடுகிறோம். பிறகு கற்களைப் பெயர்த்து ஐந்து வீடுகளில் பதித்துவிடுகிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தொடக்கமும் முடிவும் இல்லாத கோடுகள் தெரியும். கற்களைத் திரும்பச் சேர்த்தால்தான் கோலம் விளங்கும். தென் கண்டங்களைச் சேர்த்துவைத்தால் சிதறிக்கிடந்த பனிக் கீறல்கள் தென் துருவத்தைச் சுற்றிய ஒரே பனிப்பரப்பாகக் கூடுகின்றன. பிரேசிலில் கடலிலிருந்து கரையேறியதாகத் தெரிந்த பனி ஆப்பிரிக்காவிலிருந்து இறங்கியது. இடையில் கடலே இல்லை. இந்தப் பெருநிலத்துக்கு அறிஞர்கள் சொல்லும் கோண்ட்வானா என்ற பெயர், மத்திய இந்தியாவின் கோண்ட் மக்களின் நாட்டிலிருந்து வந்தது.

கண்டங்களை எது தள்ளியது என்று கேட்டார்கள். வெகெனரிடம் தக்க விடை இல்லை. 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது, பெரும்பாலான நிலவியலாளர்கள் அவரை ஏற்றிருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் அலெக்சாண்டர் டு டாய்ட் மட்டும் தென் அமெரிக்காவுக்கே போய்ப் பாறை பாறையாக ஒப்பிட்டு, 1937-ல் ஒரு பெருநூல் எழுதி அதை வெகெனருக்குப் படைத்தார்.

பிளான்ஃபோர்டு ஒரு கண்டத்தை மூழ்கடித்த அதே இந்தியப் பெருங்கடலிலிருந்துதான் கடைசியில் விடை மேலே வந்தது. 1962-ல் ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல், அரபிக்கடலுக்குத் தெற்கே நீளும் கார்ல்ஸ்பெர்க் கடலடித் தொடரின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க் காந்தப்புலத்தை அளந்தது. பூமியின் காந்தத் துருவங்கள் அவ்வப்போது வடக்கு தெற்காக மாறிக்கொள்கின்றன. எரிமலைக் குழம்பு இறுகும்போது அந்த நேரத்துத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. கடலடிப் பாறையில் நேரும் எதிருமாக மாறி மாறிப் பட்டைகள் ஓடுவதை 1963-ல் விளக்கியவர்கள் கேம்பிரிட்ஜின் ஃபிரடெரிக் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும். தொடரின் நடுவே புதுத் தரை பிறக்கிறது. பழையது இருபக்கமும் விலகுகிறது. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே மூழ்கிய பழங்கண்டம் பரந்து கிடக்கவில்லை. அங்கே விரிந்திருப்பது இளம் தரை.

வங்கக்கடலில் தொடங்கித் தெற்கே நீள்கிறது இன்னொரு சான்று, எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. கிழக்குத் தீர்க்கரேகை 90 டிகிரியை ஒட்டி, கடலடியில் சுமார் 5,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு கிழித்தாற்போல ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. ஆழத்தில் அசையாத ஒரு சூட்டு ஊற்றின்மேல் கடல்தரை கடந்துபோகும்போது வரிசையாக எரிமலைகள் முளைத்து உருவானது. துளையிட்டு வயது பார்த்தால் வடக்கே போகப்போக மூப்பு: தென்முனையில் 4 கோடி ஆண்டுக்குச் சற்று மேல், வடக்கில் ஏறக்குறைய 8 கோடி. இந்தியா வடக்கே ஓடிய தடம் அது. அந்த நாட்களில் ஆண்டுக்கு 15 செ.மீ.-க்கும் மேலான வேகம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதித்தான் வேகம் தணிந்தது.

ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1990-களிலிருந்து இயங்கும் ஜி.பி.எஸ். நிலையம் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்வதைச் செயற்கைக்கோள்கள் பதிந்துகொண்டிருக்கின்றன. இந்த இதழ் உங்கள் கையில் இருக்கும் நாளுக்கும் அடுத்த இதழ் வரும் நாளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்.