உயரம் கூட்ட அறுவை: வீட்டில் சொல்வதா, மறைப்பதா?

புனே, கேம்ப்: எம்.ஜி. ரோடு, ஈஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ் இளைஞர்கள், ஜுரம் வந்தாலும் ஊருக்குச் சொல்வதில்லை. 'அம்மா கவலைப்படுவாள்' என்பார்கள். காலெலும்பை வெட்டி உயரம் கூட்டிக்கொள்வதையும் அப்படி மறைக்கலாமா?

2016 ஏப்ரலில் ஹைதராபாத்தில் 5 அடி 7 அங்குல உயரமுள்ள இளைஞர் ஒருவர், இன்னும் 3 அங்குலம் வேண்டுமென்று பெற்றோருக்குத் தெரியாமல் இந்த அறுவையைச் செய்துகொண்டார். மகனைக் காணோமென்று பெற்றோர் போலீசுக்கு ஓடினார்கள். அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் கண்டார்கள்.

குட்டைக் காலையும் முறிந்த எலும்பையும் சீராக்க, 1950-களில் சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசாரோவ் வகுத்த முறை இது. வெட்டிய எலும்பை நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கினால், இடையில் புது எலும்பு வளரும். 3 அங்குலத்துக்குச் சுமார் 76 நாள். அது கெட்டிப்பட மேலும் பல மாதம்.

18 வயதானவருக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லைதான். ஆனால் கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துச் செல்ல ஆள் வேண்டுமே! அறைத் தோழர் எத்தனை நாள் வருவார்? அனுமதி கேட்பது வேறு, தகவல் சொல்வது வேறு. தீபாவளிக்கு 3 அங்குலம் வளர்ந்து வரும் மகனை அம்மா கண்டுபிடிக்காமலா இருப்பாள்? முன்பே சொன்னால் சண்டை வரும். கூடவே துணையும் வரும்.